அரண்மனைக்குள் வந்து சேர்ந்த உலகம்

வியன்னா நகரின் நடுவில் ஹோஃப்பூர்க் அரண்மனை இருக்கிறது. ஆறு நூற்றாண்டுகளுக்கும் மேலாக ஹாப்ஸ்பூர்க் குலத்து மன்னர்கள் ஆண்ட இடம். இதை ஒரே கட்டடம் என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு தலைமுறையும் தன் பங்குக்கு ஒரு முற்றம், ஒரு மாடம், ஒரு கூடம் என்று சேர்த்துக்கொண்டே போனதில் அது ஒரு சிறு நகரமாகவே ஆகிவிட்டது. கடைசியாகச் சேர்ந்தது நொய பூர்க், அதாவது புதிய அரண்மனை. 1881இல் தொடங்கிய வேலை, வெளிப்புறம் முடியவே 1913 ஆனது. அடுத்த ஆண்டு முதல் உலகப் போர் மூண்டது. 1918இல் முடியாட்சியே ஒழிந்தது. பேரரசருக்கென்று கட்டிய அந்த மாளிகையில் எந்தப் பேரரசரும் குடியிருக்கவில்லை.

அங்கே குடியேறியவை பொருள்கள். மெக்சிகோவின் இறகு, மேற்கு ஆப்பிரிக்காவின் பித்தளை, பசிபிக் தீவுகளின் மரவேலை, பிரேசில் காட்டின் முகமூடி, ஜப்பானின் அரக்குப் பூச்சு. 1928இல் மக்களினங்களின் அருங்காட்சியகமாக அங்கே திறக்கப்பட்டு, 2013இல் பெயர் மாறி, நீண்ட சீரமைப்புக்குப் பிறகு 2017 அக்டோபரில் மறுபடி திறந்த வெல்ட்மியூசியம் வீன், இன்று ஐரோப்பாவின் முக்கியமான மானுடவியல் அருங்காட்சியகங்களில் ஒன்று. கையிருப்பு இரண்டு லட்சத்துக்கும் மேல். பார்வைக்கு வைத்திருப்பது பதினான்கு கூடங்களில் மூவாயிரத்துச் சொச்சம்.

அரசு அருங்காட்சியகம் ஒன்றின் பாதுகாப்புக் கூடத்தில் என் பணிக்காலம் முழுவதையும் கழித்தவள் நான். செப்புத் திருமேனிகளில் பச்சை பூக்கும் களிம்பை எடுப்பது, பூச்சி அரித்த துணிக்கு அடித்துணி கொடுப்பது, ஓலைச்சுவடிக்கு எண்ணெய் பூசுவது என்று என் கைகள் பழகியவை இவைதாம். தம்பி மகன் வியன்னாவில் வேலை பார்க்கிறான். அவனைப் பார்க்கப் போனபோது, இசைக் கச்சேரிக்கு முன்னால் இந்த அருங்காட்சியகத்துக்குத்தான் அழைத்துப் போகச் சொன்னேன். அங்கே இருக்கும் ஓர் இறகுக் கிரீடத்தைப் பற்றிப் பணியில் சேர்ந்த நாளிலிருந்து கேள்விப்பட்டிருந்தேன்.

வீரர் சதுக்கம்

நுழைவாயில் ஹெல்டன்பிளாட்ஸ் என்ற பெரிய திடலை நோக்கி இருக்கிறது. வீரர்களின் சதுக்கம். இரண்டு குதிரைவீரர் சிலைகள். அவற்றில் ஆர்ச்டியூக் கார்ல் சிலையின் குதிரை பின்னங்கால்கள் இரண்டை மட்டும் ஊன்றி நிற்கிறது. அத்தனை எடையையும் அந்த இரண்டு கால்களில் நிறுத்தியிருப்பதை உலோகவேலை தெரிந்தவர்கள் நின்று பார்க்காமல் நகர முடியாது. திடலின் ஒரு பக்கம் முழுக்க, வில்லாக வளைந்த தூண்வரிசையோடு நொய பூர்க். எதிர்ப்பக்கமும் இதேபோல் ஒரு மாளிகை எழும்ப வேண்டியது; வரைபடத்தோடு நின்றுவிட்டது. அதனால் திடல் ஒரு பக்கம் திறந்தே கிடக்கிறது.

நடுவில் உயரத்தில் ஓர் உப்பரிகை. 1938 மார்ச் 15ஆம் தேதி அங்கே நின்றுகொண்டுதான், ஆஸ்திரியா ஜெர்மனியோடு இணைந்துவிட்டது என்று ஹிட்லர் அறிவித்தான். திடல் கொள்ளாத கூட்டம் ஆரவாரம் செய்தது. அந்த இணைப்பை எதிர்த்து உலக நாடுகள் சங்கத்தில் முறைப்படி கண்டனம் பதிவு செய்த ஒரே நாடு மெக்சிகோ. வியன்னாவில் மெக்சிகோ பிளாட்ஸ் என்று ஒரு சதுக்கத்துக்கே அந்த நன்றிக்காகப் பெயர் வைத்திருக்கிறார்கள். இந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொண்டு உள்ளே போனால், மெக்சிகோவின் புகழ்பெற்ற தொல்பொருளான அந்த இறகுக் கிரீடம் அதே கட்டடத்துக்குள் இருப்பது வேறு கனத்தோடு தெரியும்.

சேர்த்தவர்கள்

இந்த அருங்காட்சியகத்தில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. பொருள்களைச் சேர்த்தவர்களையும் சேர்த்தே காட்டுகிறார்கள். ஒரு பொருள் எந்த நாட்டினது, எந்த இனத்தாருடையது என்று சொல்வதோடு நிறுத்தாமல், யார் எடுத்துவந்தார், விலைக்கா, பரிசாகவா, பறித்தா என்ற கேள்வியையும் கூடத்தில் வைக்கிறார்கள். காலனியத்தின் நிழல் என்ற பொருளில் ஒரு கூடமே ஒதுக்கியிருக்கிறார்கள். என் பணிக்காலத்தில் இப்படி ஒரு யோசனை எங்களுக்கு எழுந்ததே இல்லை.

தொடக்கம் 1806. கேப்டன் குக்கின் கடற்பயணங்களில் பசிபிக் தீவுகளிலும் வட அமெரிக்காவின் மேற்குக் கரையிலும் திரட்டிய பொருள்கள் லண்டனில் லெவர் என்பவரின் தனியார் அருங்காட்சியகத்தில் இருந்தன. அது ஏலத்துக்கு வந்தது. ஆஸ்திரியப் பேரரசர் ஃபிரான்ஸின் ஆள் அங்கே போய் இருநூற்றுக்கும் மேற்பட்ட பொருள்களை ஏலத்தில் எடுத்துவந்தார். நெப்போலியன் படை வியன்னாவுக்குள் புகுந்துவிட்டுப் போய் சில மாதங்களே ஆகியிருந்த நேரம் அது. ஆளும் நிலம் சுருங்கிக்கொண்டிருந்த காலத்தில் உலகத்தைப் பேழைக்குள் சேர்க்கத் தொடங்கியிருக்கிறார்கள்.

அடுத்து பிரேசில். ஆஸ்திரிய இளவரசி லியோபோல்டினா போர்த்துகீசிய இளவரசனை மணந்து 1817இல் பிரேசிலுக்குப் போனபோது, கூடவே அறிஞர் குழு ஒன்றும் போனது. அதில் யோகான் நாட்டரர் என்ற இயற்கையியலாளர் மற்றவர்களோடு திரும்பாமல் அங்கேயே தங்கினார். பதினெட்டு ஆண்டுகள் காடும் ஆறுமாக அலைந்து, பறவைகளோடும் விலங்குகளோடும் அங்குள்ள மக்களின் அணிகலன்கள், முகமூடிகள், ஆயுதங்களையும் திரட்டினார். அவற்றைச் செய்த இனங்களில் சில இன்று இல்லை. அவர்கள் வாழ்ந்ததற்கு வியன்னாவில் இருக்கும் இறகுகளும் நார்களும்தான் சாட்சி. இதை மறுப்பதற்கில்லை.

1873இல் வியன்னாவில் உலகக் கண்காட்சி நடந்தது. மெய்ஜி ஆட்சி வந்த பிறகு ஜப்பான் அரசு முறைப்படி கலந்துகொண்ட முதல் கண்காட்சி அது. அதற்காகவே செய்து அனுப்பிய, ஒரு ஜப்பானியப் பிரபுவின் வளமனையைக் காட்டும் மர மாதிரி இங்கே இருக்கிறது. ஓடு, சாளரம், மதில் என்று அத்தனையும் விரலளவில். பல காலம் பிரித்துக் கிடந்ததை இந்தச் சீரமைப்பின்போது பொருத்தி நிறுத்தியிருக்கிறார்கள். இதை யாரும் பறித்து வரவில்லை. தங்களைப் பற்றி ஐரோப்பா என்ன நினைக்க வேண்டும் என்று ஜப்பானியர்கள் தாங்களே முடிவுசெய்து அனுப்பிவைத்தது. இப்படிப்பட்ட பொருள்களும் ஓர் அருங்காட்சியகத்தில் இருக்கும் என்பதை மறந்துவிட்டால் நம் தீர்ப்பு ஒருதலைப்பட்சமாகிவிடும்.

ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்டை நமக்குப் பள்ளிப் பாடத்தில் தெரியும். 1914இல் சரயேவோவில் சுட்டுக் கொல்லப்பட்டு, உலகப் போருக்குக் காரணமாகிப்போன பட்டத்து இளவரசர். அதற்கு இருபத்தோரு ஆண்டு முன்பு, 1892 டிசம்பரில் திரியெஸ்த் துறைமுகத்தில் கப்பலேறி உலகத்தைச் சுற்றினார். இலங்கையில் இறங்கி யானை வேட்டையாடினார். இந்தியா, ஆஸ்திரேலியா, ஜப்பான், வட அமெரிக்கா என்று போய் 1893 அக்டோபரில் ஊர் திரும்பினார். போன இடமெல்லாம் வாங்கினார். ஆயிரக்கணக்கான பொருள்கள். அவருடைய சேகரிப்பு வெறிக்கென்றே இங்கே தனிக் கூடம் இருக்கிறது.

மதராஸ் கரையில் நின்ற கப்பல்

ஆஸ்திரியாவுக்குத்தான் காலனிகளே கிடையாதே, அப்புறம் எப்படி இத்தனை சேர்ந்தது என்று தம்பி மகன் கேட்டான். நல்ல கேள்வி. கடல் கடந்த நிலம் அவர்களிடம் நிலைக்கவில்லை என்பது உண்மை. முயற்சியே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. அந்த முயற்சி நடந்த இடம் நமக்கு அக்கம்பக்கம்தான்: நிக்கோபார் தீவுகள். 1778இல் வில்லியம் போல்ட்ஸ் என்பவரின் நிறுவனம் அனுப்பிய ஆஸ்திரியக் கப்பல் ஒன்று அங்கே போய் நான்கௌரி, கமோர்ட்டா முதலிய தீவுகளில் கொடி நட்டது. சில ஆண்டுகளில் அந்தக் குடியேற்றம் கைவிடப்பட்டது.

எண்பது ஆண்டு கழித்து மறுபடி வந்தார்கள், இந்த முறை அறிவியலின் பெயரால். நோவாரா என்ற போர்க்கப்பல் 1857 ஏப்ரலில் திரியெஸ்திலிருந்து புறப்பட்டு, உலகத்தைச் சுற்றிவிட்டு 1859 ஆகஸ்டில் திரும்பியது. நிலவியலாளர், தாவரவியலாளர், விலங்கியலாளர், ஓவியர் எல்லாரும் அதில் இருந்தார்கள். 1858 தொடக்கத்தில் அந்தக் கப்பல் இலங்கையின் காலியில் நின்றது. அங்கிருந்து மதராஸ் வந்தது. அப்போது மதராஸில் துறைமுகம் கட்டியிருக்கவில்லை. கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட, மனிதர்களையும் மூட்டைகளையும் அலையைத் தாண்டிக் கரை சேர்த்தவை மசூலா படகுகள். ஆணி அடிக்காமல் பலகைகளைக் கயிற்றால் தைத்துச் செய்தவை. மதராஸிலிருந்து நோவாரா நிக்கோபாருக்குப் போனது. அங்கே பூச்சியும் செடியும் திரட்டியதோடு, குடியேற்றத்துக்கு அந்தத் தீவுகள் ஏற்றவையா என்றும் பார்த்து வந்தார்கள்.

நோவாராவின் கதை இதோடு முடியவில்லை. 1864இல் பேரரசரின் தம்பி மாக்ஸிமிலியன், பிரெஞ்சுக்காரர்களின் தூண்டுதலில் மெக்சிகோவுக்குப் பேரரசராகப் போனது இதே கப்பலில். மெக்சிகோ மக்கள் அந்த ஆட்சியை ஏற்கவில்லை. 1867 ஜூனில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். உடலை ஊருக்குக் கொண்டுவந்ததும் நோவாராதான்.

இறகுக் கிரீடம்

கிரீடம் இருக்கும் கூடத்தில் வெளிச்சம் மிகக் குறைவு. வெளியிலிருந்து வருகிறவர்களுக்குக் கண் பழகச் சற்று நேரமாகும். குறை சொல்லாதீர்கள். இறகு, பட்டு, பழைய சாயம் ஏறிய துணி இவற்றுக்கெல்லாம் ஐம்பது லக்ஸ் வெளிச்சத்துக்கு மேல் ஆகாது என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். ஒளி ஒருமுறை வெளுத்துவிட்டால் எந்த மருந்தாலும் நிறம் திரும்பாது.

கண் பழகியதும் பச்சை எழும்பி வருகிறது. விசிறி விரித்தாற்போல் ஒன்றேமுக்கால் மீட்டர் அகலம், ஏறக்குறைய ஒன்றேகால் மீட்டர் உயரம். வெளி விளிம்பில் நீளமாக நிற்பவை கெட்சால் பறவையின் வாலிறகுகள். நடு அமெரிக்காவின் மலைக்காடுகளில் வாழும் பறவை அது. ஆண்பறவைக்குத்தான் நீண்ட வால், அதிலும் சில இறகுகள்தாம். இங்கே நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. உள்ளே வர வர வளையம் வளையமாக வேறு நிறங்கள்: நீலக் கோட்டிங்காவின் நீலம், செங்கரண்டிவாயனின் இளஞ்சிவப்பு, குயிலினப் பறவை ஒன்றின் பழுப்பு. இடையிடையே பிறை வடிவிலும் வட்டமாகவும் சின்னச் சின்னப் பொன் தகடுகள். தலையைச் சற்று நகர்த்தினால் பச்சை நீலமாகிறது, திரும்பவும் பச்சையாகிறது. மயில் தோகையில் நாம் பார்க்கும் அதே ஒளி விளையாட்டுதான். அந்தப் பச்சை சாயம் இல்லை. இறகின் நுண்ணிய அடுக்குகளில் ஒளி பட்டுச் சிதறுவதால் தோன்றுவது. அதனால்தான் இத்தனை காலம் தாண்டியும் மங்காமல் நிற்கிறது.

நான் கண்ணாடிக்கு அருகில் குனிந்து பார்த்தது இறகின் அடிப்பகுதியை. ஒவ்வோர் இறகும் தனித்தனியாக நாரால் முடிச்சிடப்பட்டு வலையில் கோக்கப்பட்டிருக்கிறது. ஒரு முடிச்சு இளகினால் பக்கத்து இறகு சாயும். அஸ்டெக் தலைநகரில் இறகுவேலைக்கென்றே கைவினைஞர் வகுப்பு இருந்தது. அமண்டேகா என்று அவர்களுக்குப் பெயர். எந்தப் பேழையின் விளக்க அட்டையிலும் அவர்களில் ஒருவர் பெயர்கூட இல்லை. பெயர் தெரியாத அந்தக் கைகளுக்கு அங்கே நின்று மனத்துக்குள் வணக்கம் சொன்னேன்.

இது மோக்டெசூமா மன்னனின் கிரீடம் என்று மக்கள் சொல்கிறார்கள். அவன் அணிந்தான் என்பதற்குச் சான்றில்லை. 1519இல் கோர்டெஸ் மெக்சிகோவில் இறங்கினான். 1521 ஆகஸ்டில் தலைநகர் தெனோச்தித்லான் வீழ்ந்தது. அப்போது ஸ்பெயினின் அரசன் ஐந்தாம் சார்லஸ், ஹாப்ஸ்பூர்க் குலத்தவன். அங்கே திரட்டியவை ஐரோப்பா வந்தபோது அந்தக் குலத்தின் உறவு வட்டத்துக்குள் பரவின. சார்லஸின் தம்பி மகன் ஆர்ச்டியூக் ஃபெர்டினாண்ட், இன்ஸ்ப்ரூக் பக்கத்து ஆம்ப்ராஸ் கோட்டையில் அரிய பொருள்களைச் சேர்த்துவைத்தவர். அவர் இறந்தபின் 1596இல் எடுத்த பட்டியலில் இந்தக் கிரீடம் முதன்முதலாக எழுத்தில் வருகிறது. அதை மூர் இனத்தார் தொப்பி என்று குறித்திருக்கிறார்கள். எங்கிருந்து வந்தது என்பதே எழுபது எண்பது ஆண்டுகளுக்குள் மறந்துபோயிருந்தது.

பிறகு நெடுங்காலம் யாரும் கவனிக்கவில்லை. 1878இல், நோவாராவில் பயணம் செய்த அதே நிலவியலாளர் ஹோக்ஷ்டெட்டர், இதைக் கண்டெடுத்துச் சீர்செய்ய ஏற்பாடு செய்தார். அந்தச் சீர்வேலையில்தான் எனக்கு வருத்தம். பாதுகாப்பு என்பது அன்று தனிக்கலையாக வளர்ந்திருக்கவில்லை, தெரிந்தவரை நல்லெண்ணத்தோடு செய்தார்கள் என்பது சரிதான். ஆனால் கோட்டிங்கா இறகு உதிர்ந்த இடங்களில் மீன்கொத்தி இறகை வைத்தார்கள். தொலைந்த பொன் தகடுகளுக்குப் பதில் முலாம் பூசிய பித்தளைத் தகடுகளைத் தைத்தார்கள். தலையில் வளைந்து பொருந்த வேண்டியதைத் தட்டையாக விரித்துவிட்டார்கள். இது கொடியா, ஆடையா என்ற குழப்பம் அவர்களுக்கு. தலையணிதான் என்று அமெரிக்க ஆய்வாளர் ஜீலியா நட்டல் பின்னர் வாதாடி நிறுவினார்.

போகுமா, போகாதா?

மெக்சிகோ இந்தக் கிரீடத்தைப் பல காலமாகக் கேட்கிறது. மெக்சிகோ நகரத்தின் தேசிய மானுடவியல் அருங்காட்சியகத்தில் 1940இல் செய்த பிரதி ஒன்று நிற்கிறது. இழந்த மூலத்தை நினைத்துக்கொண்டு மக்கள் பார்ப்பது அந்தப் பிரதியைத்தான். தெனோச்தித்லான் வீழ்ந்து ஐந்நூறாவது ஆண்டான 2021ஐ ஒட்டி, இரவலாகவாவது கொடுங்கள் என்று அந்நாட்டு அதிபர் தரப்பில் 2020இல் கேட்டார்கள். ஆஸ்திரியா சொன்ன பதில், தூக்கினால் உதிர்ந்துவிடும் என்பது.

இது சாக்குப்போக்கு என்று நினைத்துவிட வேண்டாம். 2010 முதல் 2012 வரை இரு நாட்டு வல்லுநர்களும் சேர்ந்து கிரீடத்தை ஆராய்ந்தார்கள், தூய்மை செய்தார்கள். பயணத்தின் அதிர்வை, முக்கியமாக விமானம் ஏறி இறங்கும்போது வரும் அதிர்வை, இறகுகள் தாங்காது என்பது அந்த ஆய்வின் முடிவு. அதிர்வு எட்டாதபடி பேழையையே தனியாக வடிவமைத்தார்கள். இறகின் நடுத்தண்டு காய்ந்துவிட்டால் ஒடிவதற்குக் கை பட வேண்டியதில்லை, தொடர்ந்த நடுக்கமே போதும். அந்தத் தொழில்நுட்ப முடிவை நான் ஏற்கிறேன்.

ஏற்றுக்கொண்டே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒரு பொருளை அசைக்க முடியாது என்பதால் அது வைத்திருப்பவருடையதாகிவிடாது. பத்திரமாகப் பார்த்துக்கொண்டோம் என்பதும் உரிமைப் பத்திரம் இல்லை. இது பாதுகாப்பு வேலையே செய்து ஓய்வுபெற்றவள் சொல்கிற பேச்சு. என் மேசைக்கு வந்த திருமேனிகளை என் பிள்ளைகள் மாதிரி பார்த்துக்கொண்டேன். அவை ஒருநாளும் என்னுடையவை ஆகவில்லை.

இறகுப் பொருள் ஒன்று வியன்னாவிலிருந்து மெக்சிகோவுக்கு ஒருமுறை திரும்பிப் போயும் இருக்கிறது. மாக்ஸிமிலியன் அங்கே ஆண்ட குறுகிய காலத்தில், தன் அண்ணனிடம் கேட்டு, அஸ்டெக் இறகுக் கேடயம் ஒன்றை வரவழைத்தார். அது இன்று மெக்சிகோ நகரத்தின் சபுல்தெபெக் கோட்டையில் இருக்கிறது. அரச குடும்பத்துக்குள் மனம் இசைந்தபோது நடந்த காரியம் அது.

நாங்கள் நின்றபோது ஒரு குடும்பம் வந்தது. ஸ்பானிய மொழியில் பேசிக்கொண்டார்கள். பாட்டி போலிருந்த அம்மாள் நகரவே இல்லை. மெக்சிகோ குடிமக்களுக்கு இங்கே நுழைவுக் கட்டணம் கிடையாது. தம்பி மகன் மெதுவாகச் சொன்னான்: “அத்தை, அவங்க பொருளைப் பார்க்க அவங்ககிட்டயே காசு வாங்கக் கூடாதுன்னு தோணியிருக்கு, பாருங்க.” அந்தச் சலுகையிலேயே ஓர் ஒப்புதல் இருக்கிறது என்றுதான் எனக்கும் பட்டது.

பெனினின் பித்தளை

இறகின் பூர்வீகத்தில் மூடுபனி உண்டு. பெனின் பொருள்கள் வந்த கதையில் அப்படி எதுவும் இல்லை. இன்றைய நைஜீரியாவில் இருக்கும் பெனின் நகரத்தை 1897 பிப்ரவரியில் பிரிட்டிஷ் படை தாக்கிப் பிடித்தது. அரண்மனையைச் சூறையாடியது. ஓபா எனப்படும் மன்னரை நாடு கடத்தியது. ஆயிரக்கணக்கான பித்தளை, தந்த வேலைப்பாடுகளை அள்ளிக்கொண்டு போய் லண்டனில் விற்றார்கள். ஐரோப்பிய அருங்காட்சியகங்கள் போட்டி போட்டு வாங்கின. வியன்னாவும் வாங்கியது.

இங்கே குள்ள மனிதர்கள் இருவரின் பித்தளைச் சிற்பங்கள் இருக்கின்றன. இரண்டடி உயரம் இருக்கும். ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்டவை என்று கணிக்கிறார்கள். அரசவைச் சிற்பங்களில் விறைப்பு இருப்பது வழக்கம். இவர்களிடம் அது இல்லை. குட்டையான கால்களில் எடை இறங்கியிருப்பதும், முகத்தின் சதைப்பிடிப்பும், யாரோ ஒரு மனிதரை எதிரில் நிறுத்திப் பார்த்துச் செய்ததைச் சொல்கின்றன. செய்முறை மெழுகு வார்ப்பு. மெழுகில் உருவம் வடித்து, மண் பூசி, சுட்டு, மெழுகு உருகி ஓடிய வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவது. சுவாமிமலை ஸ்தபதிகள் இன்றும் செய்கிற அதே அடிப்படை. சுவாமிமலையில் பெரும்பாலும் கனவார்ப்பு. பெனினில் உள்ளே மண் கருவை வைத்து மெல்லிய சுவராக வார்த்தார்கள். உலோகம் சிக்கனமாகும், கைத்திறன் அதிகம் வேண்டும். பெனின் நகரத்தின் இகுன் தெருவில் வார்ப்புக்காரர்கள் இன்றும் வேலை செய்கிறார்கள். தொழில் தொடர்கிறது, முன்னோரின் தலைசிறந்த வேலைகள் வெளிநாட்டில் இருக்கின்றன.

பித்தளை எங்கிருந்து வந்தது என்பதும் அண்மையில் தெளிவாகியிருக்கிறது. போர்த்துகீசிய வணிகர்கள் ஆப்பிரிக்கக் கரைக்குக் கொண்டுவந்த வளைய வடிவ உலோகக் காப்புகளை உருக்கித்தான் பெனின் கலைஞர்கள் வார்த்தார்கள். மனிலா என்று அவற்றுக்குப் பெயர். அடிமை வணிகத்திலும் அவைதாம் நாணயமாகப் புழங்கின. அவற்றின் உலோகம் ஜெர்மனியின் ரைன்லாந்துச் சுரங்கங்களிலிருந்து வந்தது என்று 2023இல் வெளியான ஆய்வு காட்டியது.

நமக்குத் தெரிந்த வலி

தமிழர்களுக்கு இந்த வலி புதிதில்லை. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலில் திருடுபோன நடராஜர், ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடத்தில் நின்றார். 2014இல்தான் திரும்பி வந்தார். அது அண்மைக் காலத்துத் திருட்டு. திருட்டு என்று காட்டியதும் சட்டம் நம் பக்கம் நின்றது. மெக்சிகோவுக்கும் பெனினுக்கும் அந்தச் சட்டம் உதவாது. அவர்களின் பொருள்கள் போனது அரசுகளே படையெடுத்த காலத்தில். கலைப்பொருள் கடத்தலுக்கு எதிரான யுனெஸ்கோ ஒப்பந்தம் வந்ததே 1970இல். அதற்கு முன் நடந்தவற்றை அது தொடுவதில்லை. எனவே அங்கே வழக்காடி வெல்வது அரிது. மனசாட்சியும் அரசியல் துணிவும் வேண்டும்.

வழி இல்லாமலும் இல்லை. 2022இல் ஜெர்மனி பெனின் பொருள்களின் உரிமையை நைஜீரியாவுக்கு மாற்றிக் கொடுத்தது. பெர்லினில் இருந்த ஐந்நூற்றுக்கும் மேற்பட்டவற்றின் உரிமையும் அப்போது கைமாறியது. அவற்றில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, இரவலாகப் பெர்லினிலேயே இருக்கும் என்று உடன்பாடு. 2025இல் நெதர்லாந்து 119 பொருள்களைத் திருப்பிக் கொடுத்தது. ஆஸ்திரியாவும் இந்த அருங்காட்சியகத்தின் அப்போதைய இயக்குநர் ஜோனதன் ஃபைன் தலைமையில் ஒரு வல்லுநர் குழுவை அமைத்தது. அது 2023 ஜூனில் தன் பரிந்துரைகளைக் கொடுத்தது.

பெர்லின் உடன்பாடுதான் இறகுக் கிரீடத்துக்கும் விடை என்று நான் நம்புகிறேன். பொருள் அசையாமல் இருக்கட்டும், உரிமை அசையலாம். மெக்சிகோவின் உடைமை, வியன்னாவின் பராமரிப்பில் இருக்கிறது என்று அந்தப் பேழையின் விளக்க அட்டையில் எழுதுவதற்கு ஓர் இறகும் உதிர வேண்டியதில்லை.

போகிறவர்களுக்கு

வியன்னா போகும் வாய்ப்பு கிடைத்தால் அரை நாளாவது இதற்கு ஒதுக்குங்கள். பத்தொன்பது வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அனுமதி இலவசம். பிள்ளைகளை அழைத்துப் போங்கள். முதலில் தூண்கள் சூழ்ந்த நடுக் கூடத்தில் நின்று கட்டடத்தைப் பாருங்கள். பிறகு கிரீடம், பெனின், காலனியக் கூடம் மூன்றுக்கும் நிதானமாக நேரம் கொடுங்கள். மற்றவற்றை நடந்துகொண்டே பார்க்கலாம். ஒளிப்பட விளக்கைப் போடாதீர்கள். கண்ணாடியில் சாயாதீர்கள்.

வியன்னா போக முடியாதவர்களுக்கும் வேலை இருக்கிறது. எழும்பூரில் 1851இல் தொடங்கிய அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. தஞ்சாவூரில் அரண்மனைக்குள்ளேயே கலைக்கூடம் இருக்கிறது. அங்கே போனால் ஒவ்வொரு விளக்க அட்டையிலும் ஒரு வரியைத் தேடுங்கள்: இது எங்கிருந்து, யார் மூலம், எப்படி இங்கே வந்தது? அந்த வரி இல்லையென்றால் பார்வையாளர் புத்தகத்தில் அதைக் கேட்டு எழுதிவிட்டு வாருங்கள். பார்வையாளர்கள் எழுதுவதை அலுவலகத்தில் படிக்கிறார்கள். நான் படித்திருக்கிறேன்.